மனசுக் கணக்கும் மார்க் கணக்கும்



மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது என்றாலே எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். “அடுத்து என்னடா?” கேன்டீனில் கேட்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் ஊற்ற வருகிறவர்கூடக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்! லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருவதா, நேரே வேலைக்குப் போவதா, அப்ரன்டிஸ் போவதா?

கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்டாலும், பதில் நம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. நாம் மேலும் மூன்று வருஷம் படித்தால், வீட்டில் யாரோ ஒருவர் மேலும் மூன்று வருஷம் கூடுதலாக உழைக்கிறார். நாம் வேலைக்குப் போனால், யாரோ ஒருவர் கொஞ்சம் மூச்சு விடுகிறார். ஆகவே இது குடும்பத்தின் முடிவு.

ஆனால் இந்த முடிவு நம் வீடுகளில் எப்படி எடுக்கப்படுகிறது? யார் குரல் பெரிசோ அவர் சொன்னதே முடிவு. இல்லாவிட்டால், பக்கத்து வீட்டு அண்ணன் என்ன செய்தாரோ அதே முடிவு. இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி வந்து, தானாகவே முடிவு செய்துவிட்டுப் போய்விடுகிறது!

ஒரு ஷாஃப்டுக்கு பேரிங் தேர்ந்தெடுக்க, லோடு என்ன, ஆர்.பி.எம். என்ன, எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று மூன்று பக்கம் கணக்குப் போடுகிறவர்கள் நாம். நம் வாழ்க்கை சுற்றப் போகிற அச்சைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரைப் பக்கம்கூட எழுதுவதில்லையே, ஏன்?

மேனேஜ்மென்ட் பாடத்தில் முடிவெடுக்கும் முறைகள் என்று ஒரு பகுதி வருகிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்கிறோம். மறுநாள் மத்தியானம் மறந்துவிடுகிறோம். அதை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதே என் கட்சி. அப்படிக் கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களும் உண்டு. அவை பாடப் புத்தகத்தில் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பழைய கடிதம்

1772-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் பாதிரியாராக இருந்தார். ஓய்வு நேரத்தில் விஞ்ஞான ஆராய்ச்சியும் செய்வார். ஷெல்பர்ன் பிரபு அவரைத் தன்னிடம் நூலகராக வந்துவிடும்படி அழைத்தார். போனால் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும். போகலாமா, வேண்டாமா? தீராத குழப்பம். நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஆமாம், இடிதாங்கி புகழ் பிராங்க்ளினேதான்!

பிராங்க்ளின் எழுதிய பதில் இன்றைக்கும் படிக்கத் தக்கது. ‘உங்கள் நிலைமை முழுதும் எனக்குத் தெரியாது, அதனால் என்ன முடிவு எடுப்பது என்று சொல்ல முடியாது. எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்’ என்பது அதன் சாரம். ஒரு தாளின் நடுவே கோடு போடு. ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் வைத்திருந்து தோன்றத் தோன்ற எழுது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று யோசி. இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சம எடை என்றால் இரண்டையும் அடித்துவிடு. இந்தப் பக்கத்து ஒன்றுக்கு அந்தப் பக்கத்து இரண்டு சமம் என்றால் மூன்றையும் அடி. கடைசியில் எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று பார். இவ்வளவுதான் முறை.

பிரீஸ்ட்லி 1773-இல் கால்ன் என்ற ஊருக்குக் குடிபோனார். ஷெல்பர்ன் பிரபுவின் மாளிகையில் அவருக்கு ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. 1774-இல் அங்கேதான் ஆக்சிஜனைக் கண்டறிந்தார். தாளில் கோடு போட்டால் ஆக்சிஜன் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை! குடும்பத்தோடு ஊர் மாறுவது என்ற சாதாரணக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்காகச் சொன்னேன்.

நம் திருவள்ளுவரும் இதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘தெரிந்து செயல்வகை’, 47-ஆவது அதிகாரம். அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, பின்னால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று மூன்றையும் பார்க்கச் சொல்லித்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. எடுத்துப் படியுங்கள்.

கட்டாயம் வேறு, ஆசை வேறு

பிராங்க்ளினின் முறையில் ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுகிறது. வீட்டில் சில விஷயங்கள் தராசில் ஏறக் கூடாதவை. இதைச் சரி செய்தவர்கள் சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரீகோ என்ற இரு அமெரிக்கர்கள். ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 1958-இல் வெளியே வந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். 1965-இல் தங்கள் முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அவர்கள் முறை நான்கு படி. முதலில் ‘கட்டாயம்’ எவை, ‘ஆசை’ எவை என்று பிரி. கட்டாயம் ஒன்றில் தேறாத வழியை, மற்றதில் எத்தனை மார்க் எடுத்தாலும் தள்ளிவிடு. (லேபில் அட்டென்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சையே எழுத முடியாது அல்லவா, அந்த மாதிரி!) இரண்டாவது, ஆசைகளுக்கு 1 முதல் 10 வரை எடை போடு. மூன்றாவது, ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வோர் ஆசையிலும் 10-க்கு மார்க் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டு. நான்காவது, முதலில் வந்த வழியில் என்ன கெடுதல் நேரலாம், எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு பாதிப்பு என்று பார்.

படிக்க எளிது. எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் வீட்டு நிலைமையும் இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுத் தாள்

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 19,000 ரூபாய் வந்தால் நல்ல மாதம். மகளிர் குழுக் கடனுக்கு வாரம் 1,200 கட்ட வேண்டும். இன்னும் 46 வாரம் பாக்கி. தங்கச்சி அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். அப்பாவுக்குப் பஞ்சுத் தூசியால் இளைப்பு உண்டு.

நான் நோட்டில் இரண்டு பக்கத் தாளைக் கிழித்து நடுக்கூடத்தில் வைத்தேன். முதல் வேலை, வழிகளை எழுதுவது. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி உடனே பி.இ. இது ஒன்று. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை. இது இரண்டு. மாமா போனில், “சிங்கப்பூர் அனுப்பிரலாம் மாப்ள, ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேக்கறான்” என்றார். அதையும் எழுதினோம், மூன்று. தங்கச்சிதான் நான்காவதைச் சொன்னாள். “ஏண்ணா, பெருந்துறையில ஒரு வருஷம் அப்ரன்டிஸ் போயிட்டு, அப்பறம் பி.இ. சேந்தா ஆகாதா?”

அப்ரன்டிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தம் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரு வருஷப் பயிற்சி. 2019-இல் திருத்திய விதிகள் நமக்கு மாத உதவித்தொகை குறைந்தது 8,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

அடுத்தது கட்டாயங்கள். அம்மா யோசிக்கவே இல்லை. “குழுத் தவணை ஒரு வாரங்கூட நிக்கக் கூடாது. நான் பத்துப் பொம்பளைங்க முன்னால தலை நிமிந்து உக்காரோணும்.” அப்பா சொன்னது, “வீட்டுப் பத்திரத்தைத் தொடக் கூடாது.” நான் எழுதியது, ‘தங்கச்சி படிப்பு நிற்கக் கூடாது.’

இந்த மூன்று வரியிலேயே சிங்கப்பூர் அடிபட்டுப் போயிற்று. பத்திரத்தை அடகு வைக்காமல் மூன்றரை லட்சத்துக்கு எங்கே போவது? கோயமுத்தூர் பி.இ. மட்டும் கல்விக் கடன் வாங்கினால் தேறும் என்ற அளவில் நின்றது.

பிறகு ஆசைகளும் எடைகளும். நாலு பேரும் தனித்தனியாக எடை எழுதி, பிறகு பேசி ஒன்றாக்கியது இது:

ஐந்து வருஷம் கழித்து வருமானம் – எடை 9
இந்த வருஷம் வீட்டுக்கு வரும் பணம் – எடை 8
வீட்டுக்கு அருகில் இருப்பது – எடை 7
எனக்குப் பிடித்த டிசைன் வேலைக்கு வழி – எடை 6
பின்னால் மாற்றிக்கொள்ள வசதி – எடை 5

மார்க் போடும்போது குத்துமதிப்பாகப் போடாமல், முடிந்த இடத்தில் கணக்காகப் போட்டோம். உதாரணமாக, ஒரகடத்தில் சம்பளம் 16,000 என்றால், ரூம், மெஸ் எல்லாம் போக வீட்டுக்கு வருவது 9,000. அதற்கு 10 மார்க். பெருந்துறையில் 8,000; பஸ், டீச் செலவு 1,500 போக 6,500. அதற்கு 7 மார்க். கோயமுத்தூரில் வரவே கிடையாது, 1 மார்க்.

வரிசைப்படி மார்க்குகள் இவை:
கோயமுத்தூர் பி.இ. – 10, 1, 4, 10, 5. மொத்தம் 211.
ஒரகடம் வேலை – 6, 10, 2, 5, 6. மொத்தம் 208.
அப்ரன்டிஸ், பிறகு பி.இ. – 9, 7, 10, 7, 10. மொத்தம் 299.

சந்தேகம் இருந்தால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்!

இந்த மூன்று எண்ணிலும் ஒரு பாடம் இருக்கிறது. 211-க்கும் 208-க்கும் உள்ள வித்தியாசம் வித்தியாசமே இல்லை. அளவுகோல் இஞ்ச் டேப்பாக இருக்கும்போது மைக்ரோமீட்டர் அளவு சொல்லக் கூடாது. இரண்டு வழியும் சமம் என்றுதான் பொருள். 299 என்பது தெளிவான வித்தியாசம். அப்படியும் எடைகளை ஆட்டிப் பார்த்தோம். வீட்டுக்கு அருகில் இருப்பதன் எடையை 7-லிருந்து 3 ஆகக் குறைத்தால் 195, 200, 259. ‘பின்னாலாவது பின்னாலாவது, இப்போது பணம்தான் முக்கியம்’ என்று இந்த வருஷப் பணத்துக்கு 10-ம் பின்னால் வரும் வருமானத்துக்கு 5-ம் போட்டால் 173, 204, 277. முதல் இடம் மாறவில்லை. பார்த்தீர்களா, பி.இ.யும் ஒரகடமும் எடைக்குத் தகுந்தபடி இடம் மாறிக்கொள்கின்றன. தங்கச்சி சொன்ன வழி அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று யோசித்தால் காரணம் சாதாரணமானது. எங்கள் பெரிய சுமை 46 வாரத்தில் தீரக்கூடியது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் அந்தச் சுமை இல்லாமல் பி.இ. யோசிக்கலாம். “பணம் இல்லை” என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எத்தனை ரூபாய் இல்லை, எதுவரைக்கும் இல்லை என்று எழுதியதால் பட்டது. நண்பர்களே, உங்கள் வீட்டு ‘முடியாது’களுக்கும் ஒரு தேதி இருக்கலாம். எழுதிப் பாருங்கள்.

கூட்டலில் வராத வரி

இதோடு கதை முடிந்துவிட்டால் நான் இந்த முறைக்கு விளம்பரம் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். நான்காவது படி பாக்கி இருக்கிறது. என்ன கெடுதல் நேரலாம்? சம்பள ருசி கண்டு படிப்பு கசக்கலாம். கணக்குப் பாடம் மறந்து போகலாம். இவற்றை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி கேட்டாள்: “ஏண்ணா, அடுத்த வருஷம் ஜூன்ல நானுந்தானே காலேஜ் சேரோணும்? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படிண்ணா?”

நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவளுக்கு வேளாண்மை படிக்க ஆசை. அரசுப் பள்ளி மாணவி என்பதால் 2021-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். அதில் கிடைக்காமல் பொதுவில் கிடைத்தால்? அப்போது முதல் பட்டதாரிச் சலுகை வேண்டும். அது வீட்டுக்கு ஒருவருக்குத்தான். எனக்கும் அதே சலுகைதான் நம்பிக்கை. ஒரே சான்றிதழ், இரண்டு பிள்ளைகள்!

அப்பா சொன்னார், “பையன் படிச்சாத்தான் குடும்பம் நிமிரும். அம்மிணிக்கு ஏதாச்சும் பாத்துக்கலாம்.” அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் கணக்கு. அம்மா கேட்டார், “ஏனுங்க, அந்த வழியக் கண்டுபிடிச்சுச் சொன்னதே அவதானே? அவளுக்கு மட்டும் ஏதாச்சுமா?”

இந்த இடத்தில் கெப்னரும் ட்ரீகோவும் உதவ மாட்டார்கள். அவர்கள் முறை ஒரு நிர்வாகம், ஒரு லாபம் என்று இருக்கும் இடத்துக்குச் செய்தது. வீட்டில் நாலு பேருக்கு நாலு வாழ்க்கை. என் மார்க்கையும் தங்கச்சியின் மார்க்கையும் கூட்டி, மொத்தம் எது பெரிசு என்று பார்ப்பது கணக்கில் சரியாக இருக்கலாம், நியாயத்தில் சரியாக இருக்காது. ஏனென்றால் அப்படிக் கூட்டும்போது எப்போதும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நம் வீடுகளில் அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே அதற்கு எடை போடவில்லை. தாளின் அடியில் ஒரு வரி எழுதினோம். ‘அடுத்த ஜூனில் ஒருவருக்கு மட்டும்தான் முடியும் என்றால், முதலில் அவள்; சான்றிதழும் அவளுக்கே.’ நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டார். எனக்கு அதில் இழப்பே இல்லை என்று பெருமை பேச மாட்டேன். அப்படி நேர்ந்தால் என் பி.இ. இன்னும் தள்ளிப் போகும். தெரிந்தேதான் போட்டேன்.

ஆகவே நண்பர்களே...

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: வழிகளைப் பட்டியல் போடும்போது வீட்டில் சின்னவர்களையும் கேளுங்கள். பட்டியலில் இல்லாத வழிக்கு எந்தக் கால்குலேட்டரும் மார்க் போடாது.

இரண்டு: எடையைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சேர்ந்து பேசினால் பெரியவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அம்மா ‘வீட்டுக்கு அருகில்’ என்பதற்கு முதலில் 10 எழுதியிருந்தார். அப்பாவின் இளைப்பை நினைத்து எழுதியது. வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை.

மூன்று: முடிவை முதலிலேயே மனசில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப எடை போடாதீர்கள். நம்மில் பலர் லேபில் ரிசல்ட்டை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கை அப்புறம் எழுதுகிற ஆட்கள்தானே! வீட்டில் அது வேண்டாம். எடைகளை ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆட்டியதும் முடிவு கவிழ்ந்தால், இன்னும் விசாரிக்க வேண்டியது பாக்கி என்று அர்த்தம்.

நான்கு: ஆனமட்டும் நல்ல வழி கிடைக்கட்டும் என்று தேடிக்கொண்டே இருக்காதீர்கள். 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதைத்தான் விளக்கினார். மனிதனுக்கு எல்லாத் தகவலும் ஒருநாளும் கைக்கு வராது. போதுமான அளவு நல்ல வழி கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு நடப்பதுதான் மனிதர்கள் செய்வது என்றார். கவுன்சலிங் தேதி நமக்காகக் காத்திருக்காது.

ஐந்து: யார் முதலில், யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததை எழுதி வையுங்கள்.

“இதெல்லாம் எதுக்குடா, மனசு சொல்றதைக் கேட்டாப் போதாதா?” என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் வீட்டில் ஒரே ஒரு மனசா இருக்கிறது? தாளில் எழுதாவிட்டால் சத்தமாகப் பேசுகிற மனசு மட்டும்தான் கேட்கும்.

செலவு என்று பார்த்தால் இரண்டு பக்கத் தாள், ஒரு பேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டி.வி.யை அணைத்துவிட்டு உட்காருங்கள். பிராங்க்ளின் 1779-இல் தன் உறவுக்கார இளைஞர் ஒருவருக்கு இதே முறையைச் சொல்லி, ‘இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் உனக்குக் கல்யாணமே ஆகாது’ என்கிற தோரணையில் கேலி செய்து எழுதினாராம். அதற்காகவாவது கற்றுக்கொள்ளுங்கள்!

பட்டயம் வாங்கிக்கொண்டு வெளியே போகும் அத்தனை தோழர்களுக்கும் தோழிகளுக்கும் என் வாழ்த்துகள். அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரட்டிப்பு வாழ்த்துகள். உங்கள் வீட்டுத் தாளில் எல்லோர் கையெழுத்தும் இருக்கட்டும்!